மறுசெய்கை மாதம்

குழலியின் முழுப்பெயர் ஏலவார்குழலி. அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். காஞ்சிபுரத்துக்கு வெளியே, திருப்புட்குழி போகிற வழியில் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி நிற்கும் நீர்த்தூய்மை ஆய்வு மையத்தில் ஒப்பந்த விஞ்ஞானியாக இருந்தாள். ஒப்பந்தத்தை வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கிறவர் இயக்குநர் டாக்டர் ராஜகோபால். அதனால் குழலி அவரிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டாளே தவிர, கேள்வி என்று ஒன்றைக் கேட்டதில்லை.

மையத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரே ஒரு கண்டுபிடிப்பு. நாவல் பழத்தின் கொட்டையைக் கருக்கிப் பொடித்து, பட்டுச் சாயப்பட்டறையின் கழிவுநீரில் கலந்து வடிகட்டினால் தண்ணீர் தெளிந்துவிடும், குடிக்கவும் செய்யலாம் என்று ராஜகோபால் பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அந்தக் கட்டுரைக்கு விருதுகள் வந்தன. விருதுகளால் புதுக் கட்டடம் வந்தது. கட்டடத்தின் முகப்பில் சிமென்ட்டில் செய்த பெரிய நாவல் கொட்டை ஒன்று வந்தது. ஊருக்குத் தெற்கே செவிலிமேட்டில், இந்த முறையில் சாயக்கழிவைச் சுத்தம் செய்யும் நிலையம் ஒன்றும் எழும்பிக்கொண்டிருந்தது. குழலி வீடு கட்டியிருந்ததும் செவிலிமேட்டில்தான். கணவன் ஆனந்தகுமார் ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை பார்த்தான். அந்த நிலையம் வந்தால் பாலாற்றுக்குப் போகிற சிவப்புத் தண்ணீர் நின்றுவிடும் என்று அவள் தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அவள் அந்தக் கட்டுரையை உண்மையாகவே நம்பினாள். மையத்தில் வேலைக்குச் சேர்ந்ததே அதைப் படித்துத்தான்.

அந்த வருஷம் டெல்லித் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரு ஆய்வகத்தில் கிடைத்த முடிவு இன்னொரு ஆய்வகத்தில் கிடைப்பதில்லை என்று உலகம் முழுக்கப் புகார் இருக்கிறது, இதனால் அறிவியலின் மேல் மக்களுக்கு நம்பிக்கை குறைகிறது, ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் தன் முக்கியமான கண்டுபிடிப்பை மறுபடி செய்து பார்த்துச் சான்றிதழ் பெற வேண்டும் என்று அதில் இருந்தது. நல்ல சுற்றறிக்கைதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சுற்றறிக்கை ஆங்கிலத்தில் இருந்ததால், இதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று முதலில் ஒரு கூட்டம் போட்டார்கள். முடிவு மறுபடி வர வேண்டும் என்பதுதானே பொருள், 'மறுவருகை' என்று வைக்கலாமே என்றாள் குழலி. செத்துப்போனவர் திரும்பி வருகிற மாதிரி இருக்கிறது என்று கணக்குப் பிரிவில் சொன்னார்கள். கடைசியில் 'மறுசெய்கை' என்று தீர்மானமாயிற்று. மறுபடி செய்வது. மறுபடி வருவதைப் பற்றி அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை என்பதை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த மாதம் முழுவதும் மறுசெய்கை மாதம் என்று அறிவிக்கப்பட்டது. தினமும் காலையில் எல்லோரும் வெயிலில் நின்று, செய்ததையே செய்வேன் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். கோலப்போட்டி நடந்தது. இரண்டு பெண்கள் ஒரே கோலத்தைப் போட்டிருந்தார்கள். என்னுடையதைப் பார்த்துப் போட்டுவிட்டாள் என்று ஒருத்தி அழுதாள். இயக்குநர் இரண்டு பேருக்கும் முதல் பரிசு கொடுத்து, இதுதான் இந்த மாதத்தின் தத்துவம் என்றார். தொடக்க விழாவில் அவர் பேசியது மையத்தின் செய்தி மடலில் முழுவதும் அச்சாயிற்று. அதில் ஒரு பகுதி இது:

"ஒரு முறை கிடைத்தது எப்போதும் கிடைக்க வேண்டும். அதுதான் அறிவியல். எனக்கே பாருங்கள், இந்த இயக்குநர் பதவி மூன்று முறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. யார் வந்து பார்த்தாலும் நான்தான் இருக்கிறேன். மறுசெய்கைக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?"

கைதட்டல் அடங்கிய பிறகு, நாவல் கொட்டைச் சோதனையை மறுபடி செய்யும் பொறுப்பு குழலியிடம் ஒப்படைக்கப்பட்டது. சொன்னதைச் செய்கிறவள் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது.

பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறை ஒன்றிலிருந்து கேனில் கழிவுநீர் வந்தது. முகூர்த்தப் புடவைக்குப் போடுகிற அரக்குச் சிவப்பு. குழலி கட்டுரையில் எழுதியிருந்தபடியே கொட்டையைக் கருக்கினாள், பொடித்தாள், கலந்தாள், வடிகட்டினாள். கீழே இறங்கியதும் அரக்குச் சிவப்பாகத்தான் இருந்தது. தன் கையில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து மறுபடி செய்தாள். சூட்டைக் கூட்டினாள், குறைத்தாள். வேறு ஊர் நாவல் கொட்டை வாங்கிவரச் சொன்னாள். ஒரு நாள் தண்ணீர் கொஞ்சம் வெளுத்தாற்போல இருந்தது. சந்தோஷத்தில் ஆனந்தகுமாருக்குப் போன் பண்ணிவிட்டாள். பிறகு பார்த்தால், குடுவையைக் கழுவின நல்ல தண்ணீர் அதில் மிச்சம் இருந்திருக்கிறது.

மாதம் முடியப்போகிற சமயத்தில் அவள் குடுவையை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், தண்ணி சிவப்பாவேதான் இருக்குது."

ராஜகோபால் குடுவையை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "சிவப்புன்னு நீங்க சொல்றீங்க. கருவி என்ன சொல்லுது?"

"கருவியும் அதான் சார் சொல்லுது."

"கருவியை இயக்கினது யாரு?"

"நான்தான் சார்."

"அப்ப ரெண்டுமே நீங்கதான் சொல்றீங்க." குடுவையை மேஜையில் வைத்தார். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். "இதுக்கெல்லாம் கைராசின்னு ஒண்ணு இருக்குதும்மா. எங்க வீட்ல அவங்க ரசம் வெச்சா ஒரு மாதிரி இருக்கும், நான் வெச்சா ஒரு மாதிரி இருக்கும். அதுக்காக ரசமே பொய்ன்னு சொல்லிட முடியுமா?"

குழலி அன்று இரவு சாப்பிடும்போது இதை ஆனந்தகுமாரிடம் சொன்னாள். தங்கள் கம்பெனியில் ஒரு போல்ட் சரியாக உட்காரவில்லை என்றால் லைனையே நிறுத்திவிடுவார்கள் என்றான் அவன். அதைக் கேட்டதும் அவளுக்கு ஒரு தைரியம் வந்தது. கட்டுரை வெளியான பத்திரிகைக்கே எழுதினாள். சொன்ன முறையில் செய்தால் தண்ணீர் தெளியவில்லை என்று விவரமாக, படங்களோடு எழுதினாள். பதில் உடனே வந்தது. தாங்கள் புதிய கண்டுபிடிப்புகளை மட்டுமே வெளியிடுவதாகவும், ஒன்று நடக்கவில்லை என்பது கண்டுபிடிப்பில் சேராது என்றும், வருங்கால முயற்சிகளுக்கு வாழ்த்துகள் என்றும் எழுதியிருந்தார்கள். கடிதத்தின் நகல் இயக்குநருக்கும் போயிருந்தது.

அடுத்த வாரம் டெல்லியிலிருந்து டாக்டர் ரேவதி தலைமையில் ஒரு குழு வந்தது. மறுசெய்கை நடக்காததற்குக் காரணம் கண்டுபிடிப்பது குழுவின் வேலை. கட்டுரையை அவர்கள் எடுத்துப் பார்க்கவில்லை. அது ஏற்கெனவே வெளியாகிவிட்ட கட்டுரை. பார்க்க வேண்டியது குழலியை. சோதனை செய்த நாட்களில் சரியாகத் தூங்கினாளா, இயக்குநர் மேல் ஏதாவது மனத்தாங்கல் உண்டா, வீட்டில் பிரச்சினை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். வீட்டுக்கடன் இருக்கிறது என்றாள் குழலி. ரேவதி அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு குழு ஒரு நியாயமான முடிவுக்கு வந்தது. முதல் சோதனை எந்தச் சூழ்நிலையில் நடந்ததோ, அதே சூழ்நிலையில், அதே ஆள் செய்து பார்க்க வேண்டும். முதலில் செய்தவன் தர்மன் என்ற ஆராய்ச்சி மாணவன். பட்டம் வாங்கிய கையோடு ஆராய்ச்சியை விட்டுவிட்டு, முசரவாக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்தான். அவனை அழைத்துவரக் குழலியைத்தான் அனுப்பினார்கள்.

தர்மன் அவளை நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"வந்துச்சு மேடம். பொய் இல்ல. ஒரு வாட்டி கண்ணாடி மாதிரி வந்துச்சு. எப்படி வந்துச்சுன்னுதான் இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

"ஒரு வாட்டிதானா?"

"வருஷம் பூரா பண்ணிக்கினு இருந்தேன். மத்ததெல்லாம் சிவப்பாத்தான் வந்துச்சு. சார்கிட்ட கேட்டேன். அதெல்லாம் கை பழகுறதுக்குப் பண்ணது, இதுதான் சோதனைன்னு சொன்னாரு. அதை மட்டும் எழுதிட்டோம்." கோழிகளின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது. "அப்பல்லாம் ராத்திரி படுத்தா அதேதான் ஓடிக்கினு இருக்கும். இப்ப நல்லாத் தூங்குறேன் மேடம். என்னை விட்டுடுங்க."

அவள் விட்டுவிட்டாள். மையம் விடவில்லை. சால்வையோடு வண்டி அனுப்பி அவனை அழைத்து வந்தார்கள்.

இடம்தான் சிக்கலாயிற்று. சோதனை நடந்த காலத்தில் மையம் ஊருக்குள், காந்தி ரோடு பக்கத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. இப்போது அங்கே பட்டுப்புடவைக் கடை. அதே இடம்தான் வேண்டும் என்று ரேவதி உறுதியாக இருந்தார். கடைக்காரர் மரியாதைக்காக ஒத்துக்கொண்டார், கல்யாண சீசன் என்பதால் விற்பனையை மட்டும் நிறுத்த முடியாது என்றார். அப்படியே மெத்தை விரித்த தரையில் ஒரு பக்கம் புடவைகளும் ஒரு பக்கம் குடுவைகளுமாகப் பரப்பினார்கள். ராஜகோபால் அந்தக் காலத்துச் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பொத்தான் மாட்ட முடியவில்லை. அன்றைக்கு ஜன்னல் திறந்திருந்ததாக அவருக்கு நினைவு. ஜன்னல் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி அலமாரி இருந்ததால், அலமாரியைத் திறந்து வைத்தார்கள்.

தர்மன் கரியைக் கலந்தான். குழு சுற்றி நின்றது. வடிகட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. சிவப்பு. அழகான, ஆழமான அரக்குச் சிவப்பு. அந்த நேரத்தில் வேலூர்ப் பக்கமிருந்து பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்து, குடுவையைக் காட்டி, இந்தக் கலர்ல காட்டுங்க என்று கேட்டார். கடைப்பையன் உடனே ஒன்றை எடுத்து விரித்தான். குடுவைக்கும் புடவைக்கும் துளி வித்தியாசம் இல்லை. அந்த அம்மாவுக்கு அது பிடித்துப்போய், அதையே எடுத்துக்கொண்டு போனார்.

தர்மன் மூலையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். இத்தோடு உண்மை வெளியே வந்துவிட்டது என்று குழலி நினைத்தாள். செவிலிமேட்டு நிலையத்தை நிறுத்திவிடுவார்கள், ராஜகோபாலுக்குத்தான் கஷ்டம் என்று அவருக்காக வருத்தப்படவும் செய்தாள். வருத்தப்பட்டிருக்க வேண்டியதில்லை. மறுநாள் மையத்தின் அரங்கத்தில் ரேவதி குழுவின் அறிக்கையை வாசித்தார்.

"சுற்றறிக்கை நம்மிடம் கேட்பது என்ன? மறுசெய்கை. அதாவது மறுபடி செய்ய முடிகிறதா என்று கேட்கிறது. அதே இடத்தில், அதே ஆள், அதே முறையில், ஒரு படியும் விடாமல் செய்து காட்டினார். எங்கள் கண்ணால் பார்த்தோம். செய்கை முழுமையாக நடந்தது. விளைவு என்பது வேறு விஷயம். விளைவைப் பற்றிச் சுற்றறிக்கை தமிழில் எதுவும் சொல்லவில்லை. செய்கிற கடமை விஞ்ஞானிக்கு. பலனை எதிர்பார்ப்பது அவருக்கு அழகல்ல."

சான்றிதழ் வழங்கப்பட்டது. அந்தச் சோதனையை அதிகமான தடவை மறுபடி செய்தவள் என்ற முறையில், சிறந்த மறுசெய்கையாளர் விருது குழலிக்குக் கொடுக்கப்பட்டது. பெயரைக் கூப்பிட்டபோது அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக் கையைப் பிடித்துத் தூக்கி மேடைக்கு அனுப்பினார்கள். ராஜகோபாலுக்கும் ரேவதிக்கும் நடுவில் கேடயத்தோடு அவள் நிற்கும் படம் மறுநாள் பேப்பரில் வந்தது. ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது.

செவிலிமேட்டு நிலையத்தைத் திறந்தார்கள். ராஜகோபால் குழாயைத் திருகி, பக்கத்தில் தயாராக இருந்த பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துக் காட்டினார். முன்பெல்லாம் பட்டறைகள் கழிவைப் பயந்து பயந்து கொஞ்சமாகத் திறந்துவிடும். இப்போது சான்றிதழ் பெற்ற நிலையம் இருக்கிறதே என்று எல்லாப் பட்டறைகளும் மொத்தமாக அங்கே அனுப்பின. சிவப்பாக உள்ளே போய்ச் சிவப்பாக வெளியே வந்த தண்ணீர், நிலையத்துக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் தேங்கியது. கோடை முடிவதற்குள் குழலியின் தெருவில் போர்வெல் தண்ணீர் ரோஸ் நிறத்தில் வர ஆரம்பித்தது.

அடுத்த வீட்டில் சித்தாரா இருந்தாள். கணவனுக்கு ஊருக்குள் ஜரிகை வியாபாரம், அவள் வீட்டிலேயே தையல். அவள்தான் முதலில் ஒரு பாட்டிலில் பிடித்துக் கொண்டு வந்தாள். குழலி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். நிறம் மட்டும் இல்லை, சாயத்தோடு சேர்ந்த உலோகமும் இருந்தது. குடிக்காதீர்கள், காய்ச்சினாலும் போகாது என்று தெருவில் வீடு வீடாகச் சொன்னாள். கேன் தண்ணீர் வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள். நிலையத்தை மூட வேண்டும் என்று தன் கையெழுத்தில் மனு எழுதிக் கொடுத்தாள். மனு நாலைந்து அலுவலகங்களைச் சுற்றி, நிபுணர் கருத்துக்காக அவளுடைய மையத்துக்கே வந்து சேர்ந்தது.

ரேவதியின் குழு மறுபடி வந்தது. இந்தத் தடவை அவர்கள் மிகவும் கண்டிப்பாக இருந்தார்கள். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு ஆய்வகத்தில் கண்டுபிடித்ததை வைத்துக்கொண்டு எப்படி முடிவுக்கு வருவது என்று ரேவதி கேட்டார். தண்ணீர் கொண்டுவந்தவரே சோதனை செய்திருக்கிறார், அவரே அந்தத் தெருவில் குடியிருக்கிறார், வீட்டுக்கடனும் இருக்கிறது.

"ஒரு தடவை வந்த முடிவை நம்பி ஒரு நிலையத்தையே நிறுத்த முடியுமா டாக்டர்? அறிவியல் அப்படியெல்லாம் அவசரப்படாது. முடிவு திரும்பத் திரும்ப வர வேண்டும்."

குழலி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ஆரம்பிச்சதே ஒரு தடவை வந்த முடிவை நம்பித்தானே மேடம்."

ராஜகோபால் தேநீர் கொண்டுவரச் சொன்னார். கூட்டக் குறிப்பில், தேநீருக்காக டாக்டர் குழலி நன்றி தெரிவித்தார் என்று பதிவாயிற்று.

போர்வெல் தண்ணீரைச் சுயேச்சையான ஆய்வகம் ஒன்று மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். டெண்டர் விட்டு, ஆள் தேர்ந்தெடுத்து, அவர்கள் தண்ணீர் எடுக்க வந்தபோது ஐப்பசி பிறந்துவிட்டது. அந்த வருஷம் நல்ல மழை. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். போர்வெல்லில் தெளிவாக வந்தது. குழலி குடையைப் பிடித்துக்கொண்டு, மழை விட்டபிறகு வந்து எடுங்கள் என்று கெஞ்சினாள். வேலை உத்தரவில் அந்தத் தேதிதான் போட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் காணப்பட்டதாகச் சொல்லப்படும் சிவப்பு நிறம் மறுசெய்கையில் கிடைக்கவில்லை, ஆகவே அது அறிவியல் முடிவு ஆகாது என்று அறிக்கை வந்தது. அதே மாதிரி நிலையங்களை வேறு ஊர்களிலும் கட்ட அனுமதி கிடைத்தது.

வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாமா என்று ஆனந்தகுமார் ஒரு நாள் கேட்டான். விற்றால் வாங்கி வருகிறவர்களும் இதே தண்ணீரைத்தானே குடிக்க வேண்டும் என்றாள் குழலி. அப்புறம் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

பொங்கல் கழிந்து வெயில் ஏற ஆரம்பித்த ஒரு காலையில், அவள் வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது சித்தாரா வாசலில் நின்றாள். கையில் பாட்டில். தண்ணீர் ரோஸ் நிறத்தைத் தாண்டியிருந்தது.

"மழை விட்டதுல இருந்து திரும்ப இப்படித்தான் வருதுக்கா. தெருவுல சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க. பேப்பர்ல வந்த உங்க போட்டோவைக் காட்டி, இவங்களே கேடயம் வாங்கிக்கினு நிக்கிறாங்க, அப்புறம் என்னன்னு கேக்கறாங்க. கேன் வாங்கினு இருந்தவங்ககூட நிறுத்திட்டாங்க."

"நீயும் நிறுத்திட்டியா?"

சித்தாரா பாட்டிலை நீட்டினாள்.

இதைக் குடிக்கக் கூடாது, சமைக்கவும் கூடாது, எத்தனை தடவை கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன் என்றாள் குழலி. சித்தாரா தலையாட்டினாள். ஆனால் பாட்டிலை நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். இருந்தாலும் இன்னொரு வாட்டி பாத்துடுங்களேன். போன வாட்டி ஏதாவது தப்பா வந்திருந்தா?"

அவள் முகத்தில் சந்தேகம் இல்லை. தப்பாக இருந்துவிட வேண்டும் என்ற ஆசைதான் இருந்தது. குழலி பாட்டிலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வந்து சொல்வதாகச் சொன்னாள். அதற்குள் சோறு வடித்தாக வேண்டும் என்று சித்தாரா வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் போர்வெல் மோட்டார் போடும் சத்தம் கேட்டது.